பால் பவுடர் வாங்கும் முன்னும் பின்னும்: கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கான முழுமையான வழிகாட்டி

திருப்பூர் பக்கம் ஒற்றை அறை வீடு ஒன்றில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் தன் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கலக்குவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். புட்டியில் 150 மில்லி கோடு வரை வெந்நீர் ஊற்றினார். டப்பாவுக்குள் இருந்த கரண்டியால் மூன்று முறை மாவை அள்ளிப் போட்டார். அந்த அளவு நீருக்கு ஐந்து கரண்டி போட வேண்டும் என்று டப்பாவின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமலில்லை. "ஒரு டப்பா பத்து நாளாவது வரணுமுங்க" என்றார். குழந்தை பாலை முழுவதும் குடித்துவிட்டு உறங்கியது. ஆனால் அதன் தொடை ஒரு மாதக் குழந்தையின் தொடையைப் போலத்தான் இருந்தது.

அவருடைய கணக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் சரியான கணக்கு அதைவிடக் கொடியது. ஐந்தரைக் கிலோ எடையுள்ள, தாய்ப்பால் அறவே கிடைக்காத குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளொன்றுக்குச் சுமார் 800 மில்லி பால் தேவை. முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி என்றால் இருபத்தேழு கரண்டி; கரண்டிக்கு நான்கரை கிராம் என்று வைத்தால் 120 கிராம் மாவு. 400 கிராம் டப்பா மூன்று நாளைத் தாண்டிச் சில வேளைகளுக்குத்தான் வரும். மாதத்துக்கு ஒன்பது டப்பா. பரவலாகக் கிடைக்கும் பல வகைகள் 400 ரூபாயைத் தாண்டும் இக்காலத்தில், மாதம் 4,000 ரூபாயை ஒட்டிய செலவு இது. அதோடு எரிவாயு, புட்டி, வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவச் செலவு என்று தொகை கூடிக்கொண்டே போகும். டப்பாவைக் கையில் கொடுப்பவர் எவரும் இந்தக் கணக்கை முதல் நாளில் சொல்வதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியை அதிலிருந்தே தொடங்குகிறேன். தாய்ப்பாலைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பது முதற்பகுதி. டப்பா தவிர்க்க முடியாதபோது அதைக் குழந்தைக்குத் தீங்கின்றி எப்படிக் கொடுப்பது என்பது அடுத்த பகுதி.

படி 1: பிரசவத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை

கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அதுவே வாசல். இதில் 14,000 ரூபாய் தவணைகளாகப் பணமாகவும், மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். வங்கிக் கணக்கின் பெயரும் ஆதாரின் பெயரும் ஒன்றாக இல்லாததால் பணம் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. ஏழாம் மாதத்துக்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும். கைக்குழந்தையோடு வங்கி வரிசையில் நிற்க இயலாது.

சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் இருந்தால், உங்கள் பெயரில் பணம் உண்மையாகவே கட்டப்படுகிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) குறைந்தது 70 நாள்களுக்குப் பங்களிப்பு இருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை ஊதியத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதற்கு வேண்டிய காலமும் ஏறத்தாழ அதுவே. கட்டட வேலை, வீட்டு வேலை போன்ற அமைப்புசாராத் தொழிலில் இருப்பவர்கள், தத்தம் நலவாரியத்தில் உறுப்பினராகியிருந்தால் அங்கும் மகப்பேறு உதவி கேட்கலாம். அந்த அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதே பெரிய இழப்பாக முடிகிறது.

படி 2: முதல் ஒரு மணி நேரமும் முதல் மூன்று நாள்களும்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்றாலும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் அறுவைப் பிரசவங்கள். அறுவையானால் பால் வராது, மயக்கம் தெளியட்டும் என்று சொல்லிக் குழந்தையைப் பிரித்துவைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதுகுத் தண்டில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய் விழித்தேதான் இருக்கிறார். பக்கவாட்டில் படுத்தபடியோ, குழந்தையை அக்குளின் கீழ் வைத்துப் பிடித்தபடியோ, உடனிருப்பவரின் உதவியோடு பால் கொடுக்க முடியும். "குழந்தை பிறந்தவுடன் தாயிடம் கொடுங்கள், நாங்கள் கேட்காமல் பவுடர் கொடுக்க வேண்டாம்" என்று மருத்துவமனையில் சேரும்போதே கணவரோ தாயாரோ தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் உறவுப் பெண் ஒருவருக்கு முதல் இரவே, யாரும் கேட்காமல், குழந்தைகள் அறையில் பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் மார்பில் வாய் வைக்க மறுத்த குழந்தையைப் பழக்க இரண்டு வாரம் ஆயிற்று.

முதல் மூன்று நாள் சுரக்கும் சீம்பால் அளவில் மிகக் குறைவு. ஆனால் பிறந்த நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லி போதும், ஒரு தேக்கரண்டிதான். மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருக்கும் இந்தப் பாலைப் பிழிந்து ஊற்றிவிடுவது, குழந்தையின் முதல் தடுப்பு மருந்தை ஊற்றிவிடுவதற்குச் சமம்.

வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் செய்யும் சில காரியங்களை இங்கே தடுக்கத்தான் வேண்டும். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் ஆகிய எதுவும் வேண்டாம். தேன் குறிப்பாகவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதிலுள்ள நுண்ணுயிர் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கடும் நோயைத் தரக்கூடும். கத்திரி வெயிலில்கூடத் தண்ணீர் தேவையில்லை, ஏனெனில் தாய்ப்பாலில் 88 சதவீதத்துக்கு அருகில் தண்ணீரே இருக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்ல மருமகளுக்கு வாய் எழாது என்பதால், தடுப்பூசி போட வரும் செவிலியரைக் கொண்டு சொல்லவைப்பது நல்ல வழி.

படி 3: வாயில் பிடிக்கவைத்தல்

காம்பு வெடிப்பு, வலி, பால் கட்டிக்கொள்ளுதல், எடை ஏறாமை ஆகிய நான்கிற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். காம்பால் அதன் மேலுதட்டைத் தொடுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும் அந்த ஒரு நொடியில், நீங்கள் குனியாமல், குழந்தையை மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். மோவாய் மார்பில் அழுந்தி, கீழுதடு வெளிப்புறமாக மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடிப்பு சரி. வலி நீடித்தால் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடியும் தொடங்குங்கள். பொறுத்துக்கொண்டு கொடுக்க வேண்டாம்.

படி 4: "பால் பத்தவில்லை" என்ற ஐயத்தைச் சோதித்தல்

டப்பா வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லால்தான். குழந்தை அழுகிறது, மார்பு தளர்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது; உடனே பால் பத்தவில்லை என்று முடிவாகிவிடுகிறது. இவை எவையும் பால் குறைவுக்கு அடையாளமல்ல. சில வாரங்கள் ஆனபின் மார்பு தளர்வது இயல்பு. குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு சீரடைந்துவிட்டது என்பதே அதன் பொருள். மாலை வேளையில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் குடிப்பதும், மூன்றாவது, ஆறாவது வாரங்களை ஒட்டித் திடீரென்று அடிக்கடி கேட்பதும் சுரப்பைக் கூட்டிக்கொள்ளக் குழந்தை செய்யும் வேலை.

சோதிக்க வேண்டியவை இரண்டே. ஐந்தாம் நாளுக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல், மஞ்சளேறாத சிறுநீர் கழிக்கிறதா? பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்ப எட்டி, அதன்பின் மாதம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏறுகிறதா? அங்கன்வாடியில் எடை பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் பால் போதும். இல்லை என்றால் பிடிப்பைச் சரிபார்த்து, இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுத்து, சில நாளில் மீண்டும் எடை பாருங்கள். குழந்தை எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கால் வரை இறங்கினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மார்பு காலியாகும் அளவுக்குத்தான் ஊறும். ஒரு வேளை புட்டி கொடுத்தால் அந்த வேளையின் பால் மார்பில் தேங்குகிறது. தேங்கிய பால் சுரப்பைக் குறைக்கிறது. மறுநாள் உண்மையாகவே பால் பத்தாமல் போகிறது. "ஒரே ஒரு வேளைதானே" என்று தொடங்கியவர்கள் ஒரு மாதத்தில் முழு நேரப் புட்டிக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

படி 5: தாயின் தட்டு

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும். இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு முட்டையும் சேர்ந்தால் அதை நெருங்கிவிடலாம். மாதம் 4,000 ரூபாய் டப்பாவுக்குச் செலவிடத் துணியும் குடும்பம், அதில் பாதியைத் தாயின் சாப்பாட்டுக்குச் செலவிட்டால் இருவர் பிழைப்பார்கள். ஆனால் பல வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் தண்ணீர்கூட அளந்து கொடுக்கப்படுகிறது. தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு வீட்டுச் சோறு, கீரை, பருப்பு, கிடைத்தால் மீனோ முட்டையோ போதும். பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாவும் நல்ல உணவுதான், சாப்பிடலாம். பால் சுரக்க என்று விற்கும் விலையுயர்ந்த மாவுகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. மெலிந்த தாய்க்கும் தரமான பால் ஊறும். அங்கன்வாடியின் சத்துமாவு பாலூட்டும் தாய்க்கு உரியது. அதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு இருப்பின், "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தின் பெட்டகம் தாய்க்கே தரப்படுகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வேலைக்குத் திரும்புதல்

தாய்ப்பாலைப் பற்றிய சுவரொட்டிகள் சொல்லாமல் விடும் இடம் இது. நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவருக்கு 26 வாரம் யாரும் விடுப்புத் தருவதில்லை. நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீடுகளில் வேறொருவர் சேர்ந்துவிடுவார். இவருக்குத் தாய்ப்பாலின் பெருமையை விளக்கிச் சொல்வது எந்தப் பயனும் தராது. தேவை, ஒரு நாளின் நேரக்கணக்கு.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கையால் பால் பீய்ச்சப் பழகுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல் ஓரத்திலும் மற்ற விரல்களைக் கீழ் ஓரத்திலும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பின்பு இரு பக்கமும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. முதல் சில நிமிடம் சொட்டாக வரும், பின்பு பீறிடும். விரல்களைச் சுற்றிச் சுற்றி மாற்றி வையுங்கள். முதல் நாள் பாத்திரத்தின் அடி நனையும் அளவே வந்தால் மனம் தளர வேண்டாம். ஒரு வாரத்தில் டம்ளர் நிறையும்.

கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள எவர்சில்வர் டம்ளரில் வைத்த பால் குளிர்ந்த அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர்க் கோடைச் சூட்டில் டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதே நல்லது. பக்கத்து வீட்டிலோ கடையிலோ குளிர்பதனப் பெட்டி இருந்தால் ஒரு நாள் வரை வைக்கலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது. டம்ளரை வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கிச் சங்காலோ பாலாடையாலோ புகட்ட வேண்டும். பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு இதை ஒரு முறை செய்துகாட்டி, அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விடியற்காலையில் கிளம்பும்போது ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை, பிறகு இரவு முழுவதும் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பால் சுரக்கவைக்கும் இயக்குநீர் இரவில் கூடுதலாகச் சுரப்பதால், பகலில் விட்டதை இரவில் பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம். வேலையிடத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பீய்ச்சிவிட்டால்தான் சுரப்பு குறையாமல் நிலைக்கும், பால் கட்டிக்கொள்ளாது. சுத்தமான இடம் இல்லாமல் கழிவறைக்குள் பீய்ச்சிக் கீழே ஊற்றும் பெண்களை அறிவேன். ஊற்றுவது மனத்தை அறுத்தாலும், அதுகூடச் சுரப்பைக் காக்கிறது. பேருந்து நிலையங்களில் 2015-ம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட தாய்மார் பாலூட்டும் அறைகளையும் பயன்படுத்துங்கள். பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள். கட்டட வேலையிலும் காட்டு வேலையிலும் குழந்தையை உடன் கொண்டுபோய்த் தூளி கட்டுபவர்கள், தேநீர் இடைவேளையோடு பாலூட்டும் நேரத்தையும் மேஸ்திரியிடம் முன்பே பேசிவைப்பது நல்லது. பீடி சுற்றுபவர்கள் கையை நன்றாகக் கழுவி, சேலைத் தலைப்பை மாற்றிய பின்பே குழந்தையைத் தூக்க வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால், மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமைகள் உங்களுக்கு உண்டு: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும், நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையும் உண்டு. விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கக் கூடாது. தனியாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆகவே தொழிற்சங்கம் வழியாகவோ, நாலைந்து பெண்களாகச் சேர்ந்து எழுத்து மூலமாகவோ கேளுங்கள்.

படி 7: டப்பா தவிர்க்க முடியாதபோது

தாய் இறந்துவிட்ட குழந்தை, புற்றுநோய்க்கு மருந்தேற்றும் தாய், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாத அரிய பிறவிக் குறை (இதற்கு மருத்துவர் சொல்லும் தனிவகைப் பவுடர் மட்டுமே), மேற்சொன்னவை அனைத்தையும் செய்தும் எடை ஏறாத நிலை, வேறு வழியே இல்லாத வேலை என்று உண்மையான காரணங்கள் உண்டு. இதில் தாய் குற்ற உணர்வு கொள்ள எதுவும் இல்லை. காசநோய்க்கு மருந்து உண்ணும் தாய் முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம். எச்.ஐ.வி. உள்ள தாய், அதற்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு முடிவெடுக்க வேண்டும்; தானாகப் பாதி தாய்ப்பால், பாதி பவுடர் என்று கலந்து கொடுப்பது ஆபத்தானது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பவுடருக்கு முன்பு தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் அது செயல்படுகிறது.

வாங்கும்போது, பிறந்தது முதல் ஆறு மாதத்துக்கான முதல் நிலைப் பவுடரில் விலை குறைந்ததையே வாங்குங்கள். இந்தியாவில் விற்கும் எல்லா வகையும் ஒரே அரசுத் தர அளவுக்கு உட்பட்டவை. இரண்டு மடங்கு விலை இரண்டு மடங்கு சத்தைத் தராது.

பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளல்ல என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். முதலில் நீரை அளந்து ஊற்றி, பிறகே மாவைப் போட வேண்டும். கரண்டியை அழுத்தி நிரப்பாமல், கத்தியின் முதுகால் வழித்துச் சமன் செய்து, டப்பாவில் சொன்ன எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாமல், கூடாமல் போடுங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனம் வராது என்பதால் குறைவாகக் கலந்து, கேட்டால் மீண்டும் கலப்பது சிக்கனம். இரவு வேளைக்குக் கொதிநீரை நல்ல பிளாஸ்கில் நிரப்பி வைத்தால் எரிவாயு மிச்சமாகும்.

புட்டி வேண்டாம், பாலாடையோ சிறு டம்ளரோ போதும். ரப்பர் காம்பின் உட்புறமும் புட்டியின் திருகு விளிம்பும் குழாயில் தண்ணீர் வராத வீட்டில் ஒருபோதும் சுத்தமாகாது. பாலாடையைத் தேய்த்துக் கழுவி, நீரில் முழுவதும் மூழ்கவைத்துக் கொதிக்கவிட்டால் முடிந்தது.

பணம் தீர்ந்துபோகும் நாள் வரும். அன்று தண்ணீரைக் கூட்டக் கூடாது. ராகி மாவு, பிஸ்கட், சர்க்கரை கலக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பாக்கெட் பாலைத் தானாக மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நீர்த்த பால் வயிற்றை நிரப்பி அழுகையை நிறுத்திவிடும், அதனால்தான் பசி வெளியே தெரிவதில்லை. அன்றே கிராம சுகாதாரச் செவிலியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். 104 எண்ணுக்கு அழைத்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

படி 8: டப்பாவைத் திணிப்பவர்களிடம்

குழந்தைப் பால் பவுடர், புட்டி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் 1992-ம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு எதற்கும் விளம்பரத்தையும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும், மருத்துவப் பணியாளருக்குப் பரிசளிப்பதையும் தடை செய்கின்றன. டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது என்பதும் இச்சட்டமே. மருத்துவமனையில் இலவச டப்பா கொடுத்தாலோ, ஒரு குறிப்பிட்ட வகையை எழுதித் தந்தாலோ, காரணத்தைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். உண்மையான மருத்துவக் காரணம் இருப்பவர் எழுதத் தயங்க மாட்டார்.

படி 9: புட்டியிலிருந்து மார்புக்குத் திரும்புதல், ஆறு மாதத்துக்குப் பின்

பால் வற்றிவிட்டது என்று நினைத்த பிறகும் மீண்டும் ஊறவைக்க முடியும். குழந்தை சிறியதாக இருக்கும்போது இது எளிது. வெற்று மார்போடு குழந்தையை அடிக்கடி அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் சப்பவிட்டு, அதன்பின் பாலாடையில் பவுடர் பாலைக் கொடுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்துக்கொண்டு, எடை ஏறும் அளவுக்கேற்பப் பவுடரைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நான் முதலில் சொன்ன தாய் அன்றே ஐந்து கரண்டிக்கு மாறினார். இரவில் மார்பில் விடத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குப் பின் இரவுப் பால் முழுவதும் அவருடையதாகவே இருந்தது. டப்பா பாதியாகக் குறைந்தது. அவர் அன்றும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஆறு மாதம் நிறைந்ததும் பருப்புச் சோறு, மசித்த காய், இட்லி, முட்டை என்று கரண்டியில் நிற்கும் கெட்டியான உணவைத் தொடங்கி, தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடருங்கள். ஒரு வயதுக்குப் பின் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று விற்கும் டப்பாக்கள் தேவையே இல்லை. வீட்டுச் சாப்பாடும் காய்ச்சிய பசும்பாலும் போதும்.